சாவு வீட்டுக்கு வந்த சாப்பாடு

அக்கா வீடு என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. தேயிலைக்குள் குறுக்கே இறங்கினால் ஏழு நிமிஷம். போய், முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, "அன்னைக்கு அந்தப் பொம்பள மேல தப்பு இல்ல, அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான்" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். அதைச் செய்யாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதுவது சுலபம். பேப்பர் என்னைத் திருப்பி முறைக்காது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். கோயில் கமிட்டிக்குச் செயலாளர். கல்யாணம் கட்டவில்லை, அப்போது அம்மாவும் நானும் மட்டும்தான் வீட்டில். அப்பா போன பிறகு அம்மா கவுச்சியை விட்டுவிட்டார். அதனால் எங்கள் வீட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, முட்டைகூட இல்லை. அம்மாவோடு சேர்ந்து நானும் விட்டுவிட்டேன் என்று ஊர் முடிவு செய்தது. அக்கா அதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொன்னார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கமிட்டிச் செயலாளருக்கு அந்தப் பேர் பொருத்தமாக இருந்தது.

ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்டதும், "மீட்டிங் இருக்கும்மா, சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்று போனில் சொல்லிவிட்டு, தலவாக்கலைக்குப் பஸ் ஏறிவிடுவேன். டவுன் முடிந்து நானுஓயாப் பக்கம் ரோடு திரும்புகிற இடத்தில், டயர் ஒட்டுகிற கடைக்கும் ஒரு முஸ்லிம் நானாவின் ஹார்ட்வேர் கடைக்கும் நடுவில், நாலு மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடை. லாவோஸ் சாப்பாடு.

தலவாக்கலையில் லாவோஸ் கடை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தில் பக்கத்து டிவிஷன்காரர் ஒருவர் மலேசியாவுக்குப் போய் ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவினார். அதே குசினியில் லாவோஸிலிருந்து வந்த ஒரு பெண் சமைத்தார். கதை அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் புருஷன்காரர் ஒரு வேனை எடுத்து, ரயிலில் வருகிற வெள்ளைக்காரர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போனார். மனைவி கடை போட்டார். ஊர் அதற்கு 'சீனாக்காரி கடை' என்று பேர் வைத்தது. "சீனா இல்லைங்க, லாவோஸ்" என்று அவர் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

முதல் நாள் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு மூங்கில் கூடை நிறையச் சோறும், ஒரு கிண்ணத்தில் மூங்கில் குருத்து சூப்பும் வந்தன. நான் நம்ம வழக்கப்படி சோற்றைத் தட்டில் கொட்டி, சூப்பை ஊற்றி, பிசைந்தேன். அது பிசைகிற சோறு இல்லை. ஆவியில் வேகவைத்த, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற அரிசி. ஐந்து விரலிலும் பசை மாதிரி அப்பிக்கொண்டது. உதறினேன், போகவில்லை. மற்றக் கையால் துடைத்தேன், அந்தக் கையிலும் ஒட்டியது. குசினிப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் சிரிப்பை அடக்க முடியாமல் வந்தார்.

"சேர், பிசையாதீங்க. உருட்டுங்க."

"உருட்டவா? நான் என்ன பச்சப் புள்ளையா, உருட்டிச் சாப்பிட?"

"எங்க ஊருல கெழவன்கூட உருட்டித்தான் சாப்பிடுவான், சேர்" என்று சொல்லி எதிரே உட்கார்ந்தார். கூடையிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து, விரல் நுனியால் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, கோழி இறைச்சியை அதால் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக் காட்டினார். அந்த இறைச்சிக்குப் பேர் லாப். கோழியைப் பொடியாகக் கொத்தி, வறுத்து இடித்த அரிசி மா, தேசிக்காய்ப் புளி, புதினா, கொச்சிக்காய், மீன் சாறு எல்லாம் போட்டுப் பிரட்டியது. சும்மா சொல்லக் கூடாது, அந்த ருசிக்கு நான் அடிமையாகிவிட்டேன். ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசி மேசையில் உட்காருவேன். ஏன் எப்போதும் அந்த மேசை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

புருஷன்காரர் என்னை 'அண்ணே' என்பார். ஆகவே நான் இவரைத் 'தங்கச்சி' என்றேன். புருஷனிடம் கற்ற தமிழுக்கு மேலே இன்னும் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். வாத்தியார் புத்தி, சும்மா இருக்க விடாது. தைப்பொங்கல் என்றால் என்ன, மாவிளக்கு என்றால் என்ன, வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பக் கூடாது, எல்லாம் சொன்னேன். ஒரு நாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தப்படித்துக்கொண்டு ஒரு சாவு ஊர்வலம் ரோட்டில் போயிற்று. நான் முகத்தை இன்னும் கொஞ்சம் குசினிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் எழுந்து நின்று, ஊர்வலம் போய் முடிகிறவரை நின்று, பிறகு கேட்டார்.

"சாவு வீட்டுக்கு நாங்க என்னா செய்யணும் சேர்?"

"அந்த வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க தங்கச்சி. தெரிஞ்சவங்க, அக்கம்பக்கம் எல்லாரும் சாப்பாடு செஞ்சு கொண்டுபோய்க் குடுக்கணும். அதான் மரியாத. கொண்டுபோகலன்னா நம்மள மனுசனாவே மதிக்க மாட்டாங்க."

"கொண்டுபோகணும்" என்று அவர் மனதில் பதிய வைக்கிற மாதிரி ஒரு தடவை சொல்லிக்கொண்டார்.

"ஆமா, கட்டாயம்" என்றேன். அப்போது என் வாய்க்குள் இருந்தது கோழி. சாவு வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரை கவுச்சி படக் கூடாது என்ற மற்றப் பாதியைச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. நம்மவர்களுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் நானும் சொல்லவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்த மாசத்தில் அம்மா போனார். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் விடியற்காலை மூச்சு நின்றது. தகனம் முடிந்த மறுநாள் வீடு நிறையச் சனம். அக்காதான் எல்லாம். யார் எங்கே உட்காருவது, யார் பிளேன்டீ ஊற்றுவது, யார் எவ்வளவு நேரம் அழுவது என்பதுகூட அக்கா கையில் இருந்தது. நான் வேட்டியோடு தரையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். கொள்ளி வைத்தவன். எழும்பவும் பேசவும் யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை.

மத்தியானம் மழைக்குள், சேதி கேட்டு, லாவோஸ் தங்கச்சி வந்தார். புருஷன்காரர் எல்ல என்கிற ஊர்ப் பக்கம் வேன் ஹயர் போயிருந்தார். தனியாகப் பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டில் இறங்கி, தேயிலைக்குள் ஒரு மைல் ஏறி வந்திருக்கிறார். கறுப்புப் பட்டுப் பாவாடை, கீழ்க்கரையில் வெள்ளிச் சரிகை. கால் முழுக்கச் சேறு. வாசலில் செருப்பைக் கழற்றி, அம்மாவின் படத்துக்குத் தரையில் நெற்றி பட மூன்று தடவை கும்பிட்டார். சனம் மரியாதையாக ஒதுங்கி இடம் விட்டது. அம்மாவை ஒரு நாள்கூடப் பார்த்திராத ஒருவர், எங்கிருந்தோ வந்தவர், இப்படிக் கும்பிடுகிறாரே என்று எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

அதன் பிறகு அவர் கொண்டுவந்த டிபன் கேரியரைத் திறந்தார். ஒரு தட்டில் உருட்டுச் சோறு. மற்றதில் லாப். வழக்கமாகச் செய்வதைவிட நாலு மடங்கு, வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் காணும் என்கிற கணக்கில். புதினா மணத்துக்குக் கீழே மீன் சாற்றின் வாடை அறை முழுக்கப் பரவியது.

"இது என்னா வாட?" என்றார் அக்கா.

"கோழிங்க" என்றார் அவர். சொல்லும்போது முகத்தில் ஒரு வெட்கமான சந்தோஷம். சரியாகச் செய்துவிட்டோம் என்கிற முகம்.

என் சித்தி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார். அக்கா எழும்பி வந்தார்.

"ஏம்மா, பொணம் போயி ஒரு நா ஆகல, தீட்டு வீட்டுக்குள்ள கோழியைக் கொண்டாந்து வைக்கிறியே, ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? யாரு ஒனக்கு இப்பிடிச் செய்யச் சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகவோ, காட்டிக்கொடுக்கிற மாதிரியோ பார்க்கவில்லை. வகுப்பில் விடை தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்க்குமே, அப்படி. நான் சொல்லிக் கொடுத்த தமிழில் "சேர் சொன்னாங்க" என்று இரண்டு வார்த்தை சொல்ல அவருக்கு நன்றாகத் தெரியும். சொல்லவில்லை.

அந்தப் பார்வையை அக்காவும் பிடித்துவிட்டார். "ஒனக்கு இவங்களத் தெரியுமா தம்பி?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "டவுன்ல ஏதோ கட வச்சிருக்காங்க போல. பாத்த மாதிரி இருக்கு."

ஒன்றரை வருஷம் அவர் கையால் சாப்பிட்டவன் சொன்ன வார்த்தை அது. பாத்த மாதிரி இருக்கு. சொல்லிவிட்டுப் பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அக்கா ஆள் விட்டுக் கேரியரைத் தூக்கி வெளியே தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். லயத்து வீடுகளின் நாய்கள் எங்கிருந்துதான் வந்தனவோ. அவர் மழையில் போய் நின்று, நாய்கள் தின்று முடித்த பிறகு, பீலித் தண்ணீரில் ஒவ்வொரு தட்டாகக் கழுவி, அடுக்கி எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் உட்கார்ந்த இடத்தில் சித்தி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.

அத்தோடு முடிந்திருந்தால்கூட என்னை நானே ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்தியிருப்பேன். துக்கத்தில் இருந்தவன், வாய் வரவில்லை, அது இது என்று. ஆனால் நம்ம சனத்துக்கு ஒரு வாடை கிடைத்தால் போதும், அதில் குழம்பே வைத்துவிடும். ஒரு கிழமைக்குள் அது கோழி இல்லை, வேறு ஏதோ இறைச்சி என்று ஆயிற்று. இன்னொரு கிழமையில், வேண்டுமென்றே கொண்டுவந்தாள், செய்வினை வைக்கத்தான் வந்தாள், படத்துக்கு முன்னால் மூன்று தடவை தலையால் இடித்து ஏதோ முணுமுணுத்தாள் என்று ஆயிற்று. கடைக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்துப் பொடியன்களும் போவதை நிறுத்தினார்கள். கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் என் முன்னாலேயே இந்தக் கதையைச் சொன்னார். செயலாளர் நான். "அட வாய மூடுங்க, சொல்லிக் குடுத்தது நான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கதை செத்திருக்கும். நான் கூட்ட நிகழ்ச்சி நிரலில் அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றேன்.

கருமாதிக்குப் பிறகும் நான் கடைக்குப் போகவில்லை. நுவரெலியா பஸ்ஸில் போனால் அந்த வளைவில் மற்றப் பக்கத்து ஜன்னலைப் பார்ப்பேன். செவ்வாயும் வியாழனும் வீட்டில் பருப்பும் சோறும் ஆக்கிச் சாப்பிட்டேன். இப்போதுதான் நான் நிஜமாகவே கவுச்சி சாப்பிடாதவன் ஆனேன். சிரிப்பாக இருக்கிறது.

ஆறேழு மாசம் கழித்து, ஒரு ஞாயிறு காலை, புருஷன்காரர் சந்தையில் என்னைக் கண்டு வேனை ஓரம் கட்டினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அண்ணே, அவளோட அம்மா தவறிட்டாங்க. போய்ச் சேர்றதுக்குள்ள எரிச்சிருவாங்கன்னுட்டு இங்கயே இருந்துட்டா. அவுங்க ஊரு வழக்கம், சாவு வீட்டத் தனியா விடக் கூடாதுங்க. மூணு நாளு வீடு நெறைய ஆளுங்க இருக்கணும், வர்றவங்க எல்லாம் கறி சோறு கொண்டாந்து, உக்காந்து சாப்பிட்டு, பேசிச் சிரிச்சிட்டு இருக்கணுமாம். அப்பதான் வீட்டுக்காரங்களுக்குத் தொண. அவ கடைய அப்பிடித் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. இன்னைக்கு மூணாவது நாளு. புத்தர் பன்சலைல இருந்து ரெண்டு பேரு வந்தாங்க, ஹார்ட்வேர் நானா வந்தாரு. நம்ம ஆளுங்க ஒருத்தரும் வரலண்ணே."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "ஒங்கம்மா வீட்டுக்கு அன்னைக்கு அவ அப்பிடி நெனச்சுத்தான் வந்தா" என்றார்.

போனேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். நாலு மேசையையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டிருந்தார். நடுவில் ஒரு வயதான அம்மாவின் படம், மெழுகுதிரி, சுற்றிலும் கூடைகள், கிண்ணங்கள். பதினைந்து பேருக்குச் சாப்பாடு. ஆள், அவரும் புருஷன்காரரும்தான். நான் உள்ளே வந்ததும் பின்னால் கதவைச் சாத்தினேன். குளிர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கும்பிட்டேன். உட்கார்ந்தேன். சாவு வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று வளர்ந்த கையை அன்றைக்கு நனைத்தேன். உருட்டிச் சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்து போயிருந்தார். மூன்றாவது உருண்டையைத் தட்டில் வைத்தேன்.

"தங்கச்சி, அன்னைக்கு நான்தான் பாதியைச் சொல்லாம விட்டுட்டேன். அக்கா கேட்டப்பயும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் சாய்ந்திருந்த மெழுகுதிரியை நிமிர்த்தினார். "எனக்குத் தெரியுங்களே சேர். நான் அங்கதானே நின்னேன்."

"ஏன் நீங்க சொல்லல?"

"ஒங்க அம்மா செத்த வீடு. அங்க எதுக்குச் சண்ட?" என்றார். பிறகு அவருக்குத் தெரிந்த தமிழில், வார்த்தை தேடித் தேடி, மெதுவாகச் சொன்னார். "என்கிட்ட சொல்லாதீங்க சேர். என்கிட்ட சொல்றது ஒங்களுக்கு ஈசி. அக்காகிட்ட சொல்லுங்க. எனக்கு இந்த ஊருல இருக்கணும். என்னைய சூனியக்காரின்னு சொல்றாங்க. எங்கம்மாவுக்குச் சாப்பிட யாரும் வரல."

அழுதுகொண்டு சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் வெட்கத்தில் முகம் எரிந்தது. சொல்கிறேன் என்றேன். இன்றைக்கே சொல்கிறேன், கமிட்டியிலும் சொல்கிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"கதவத் தொறந்துருங்க சேர்" என்றார். "சாவு வீட்டுக் கதவு, நாங்க சாத்த மாட்டோம்."

எழும்பிப் போய்த் திறந்தேன். சந்தை முடிந்து சனம் கூடைகளோடு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்க ஓரத்தில், இரண்டு கையிலும் பையோடு, தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு அக்கா. கடை வாசலுக்கு நேராக வந்துவிட்டார். எங்கள் பக்கம் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

உள்ளேயிருந்து அவரும் கண்டுவிட்டார். கதிரை தள்ளுகிற சத்தம் கேட்டது. "சேர், அக்கா போறாங்க. கூப்பிடுங்க. சாப்பிட வேணாம், சும்மா வந்து உக்காரட்டும்."

படியில் நின்றேன். என் வலது கையில் சோறு ஒட்டியிருந்தது.

"அக்கா" என்றேன்.

அக்கா திரும்பவில்லை. பஸ் ஹாரன் அடித்தது; நடையை எட்டிப் போட்டுப் போய் ஏறிவிட்டார். நான் உள்ளே திரும்பி, "கேக்கல போல இருக்கு தங்கச்சி" என்றேன். அவர் ஒரு கிண்ணத்தை மூடி வைத்தார்.

ஐம்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது, கடைசி வாங்கு வரை கேட்கிற தொண்டை என்னுடையது. ரோட்டின் அகலம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அக்காவுக்குக் கேட்காத அளவுக்குத்தான் கூப்பிட்டேன்.